எதனால், யாரால்

1

1959 பிப்ரவரி 3. நள்ளிரவு தாண்டி மணி 12:55. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மேசன் சிட்டி விமான நிலையத்திலிருந்து ஒரு பீச்கிராஃப்ட் போனான்சா மேலே ஏறுகிறது. ஒற்றை எஞ்சின், நான்கே இருக்கை. உள்ளே ஒரு காரில் இருக்கும் அளவுக்குத்தான் இடம். ஓட்டுபவர் ரோஜர் பீட்டர்சன், வயது 21. பயணிகள் மூவரும் பாடகர்கள். பட்டி ஹாலிக்கு 22 வயது. ரிச்சி வாலன்ஸுக்கு 17. ‘பிக் பாப்பர்’ என்ற மேடைப்பெயர் கொண்ட ஜே. பி. ரிச்சர்ட்சனுக்கு 28.

கடும் குளிர்காலத்தில் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய்க் கச்சேரி செய்யும் சுற்றுப்பயணம் அது. பஸ்ஸில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. டிரம்ஸ் வாசித்தவருக்குக் காலில் குளிர்க்கடி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கிளியர் லேக் ஊரின் சர்ஃப் பால்ரூமில் அன்றைய நிகழ்ச்சி முடிந்ததும், அடுத்த ஊருக்கு முன்னாடியே பறந்து போய்விட்டால் கொஞ்சம் தூங்கலாம், அழுக்குத் துணிகளைத் துவைக்கலாம் என்று ஹாலி நினைத்தார். தலைக்கு 36 டாலர் பேசி ஏற்பாடானது.

விமானத்தின் உரிமையாளர் ஹியூபர்ட் டுவையர் கோபுரத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்தின் வால் விளக்கு வடமேற்காகப் போனது. சில மைல் போனதும் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பிறகு தெரியவில்லை. ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. விடிந்த பிறகு டுவையர் இன்னொரு விமானத்தை எடுத்துக்கொண்டு அதே வழியில் தேடிப் போனார். காலை ஒன்பதரை மணி சுமாருக்கு, விமான நிலையத்திலிருந்து ஆறு மைலுக்கும் குறைவான தூரத்தில், பனி மூடிய வயல் ஒன்றில், வேலிக்கம்பியோடு சுருண்டு கிடந்த உலோகக் குவியலைக் கண்டார். நால்வரும் இறந்திருந்தார்கள்.

1971-இல் டான் மெக்லீன் தன்னுடைய ‘அமெரிக்கன் பை’ பாட்டில் இந்த விபத்தை நினைவுகூர்ந்த பிறகு, அது கிட்டத்தட்ட ஒரு தொன்மமாகவே ஆகிவிட்டது. ஆனால் பாட்டை விட்டுவிடுவோம். எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு ஒரு சின்ன விஷயம்: இரவில் விழுந்த விமானத்தைப் பகலில்தான் கண்டுபிடித்தார்கள். அதை விசாரித்ததும் பகலில்தான். அறிக்கை எழுதியதும் வெளிச்சமான ஓர் அறையில், மேசைமேல், போதுமான அவகாசத்தோடுதான். செத்துப்போன ஒருவரின் கடைசி முடிவைப் பற்றி இப்படி உட்கார்ந்து எழுதுவதில் என்ன நியாயம் இருக்க முடியும்? அதற்கு ஏதாவது நிபந்தனை உண்டா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

2

உடைந்த உலோகம் பேசும். விமான விபத்தை விசாரிப்பவர்களின் தொழிலே இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. களத்துக்குப் போனதும் முதலில் விமானத்தின் நான்கு முனைகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள். எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தால் விமானம் வானத்திலேயே உடையவில்லை என்று அர்த்தம். புரொப்பெல்லர் தகடுகள் எப்படி வளைந்திருக்கின்றன என்பதை வைத்து, மோதும்போது எஞ்சின் சக்தியோடு ஓடிக்கொண்டிருந்ததா என்று சொல்லிவிட முடியும். ஒரு சின்ன பல்புகூடச் சாட்சி சொல்லும். எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூடாக இருப்பதால் மோதலில் ஜவ்வு மாதிரி நீண்டுவிடும். அணைந்திருந்த பல்பின் இழை சட்டென்று ஒடிந்துபோகும்.

மேசன் சிட்டி வயலில் கிடைத்த கருவிகளில் முட்கள் மோதிய கணத்தில் அப்படியே உறைந்திருந்தன. வேகம் மணிக்கு 165-க்கும் 170-க்கும் இடையில். கீழிறங்கும் வேகம் நிமிடத்துக்கு 3,000 அடி. விமானம் வலப்பக்கமாக முழுதும் சாய்ந்து, மூக்கு கீழ்நோக்கியிருந்தது என்று நிலைகாட்டும் கருவி காட்டியது. வலது இறக்கைதான் முதலில் தரையில் பட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இயந்திரக் கோளாறுக்கான தடயம் எதுவும் இல்லை.

கைக்கடிகாரம் நின்றுபோன நேரத்தை வைத்துக் கொலையைத் துப்பறியும் பழைய நாவல் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் உலோகம் ஒரு எல்லை வரைக்கும்தான் பேசும். எப்படி மோதியது என்று சொல்லும். ஓட்டியவருக்கு அந்தக் கணத்தில் என்ன தெரிந்தது என்று சொல்லாது. அங்கேதான் விசாரணை, பொறியியலிலிருந்து அறவியலுக்குள் கால் வைக்கிறது. பல நேரம் தான் கால் வைத்ததே அதற்குத் தெரிவதில்லை.

அன்றைக்கு அமெரிக்காவில் விபத்துகளை விசாரித்த அமைப்பு சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு. 1959 செப்டம்பரில் அதன் அறிக்கை வந்தது. ‘நிகழக்கூடிய காரணம்’ என்ற தலைப்பின் கீழ் அது சொன்னதன் சாரம் இதுதான்: கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்ட வேண்டியிருக்கக்கூடிய பயணத்தை, அதற்கான சான்றிதழும் தகுதியும் இல்லாத விமானி மேற்கொண்டது விவேகமற்ற முடிவு. அதோடு இரண்டு துணைக் காரணங்களையும் சேர்த்தது. ஒன்று, அவருக்குக் கொடுக்கப்பட்ட வானிலைத் தகவலில் இருந்த பெரும் குறைகள். இரண்டு, விமானத்தின் நிலையைக் காட்டும் கருவியில் அவருக்குப் போதிய பழக்கமின்மை.

‘விவேகமற்ற முடிவு’. இந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள். வேகம் 170 என்பது அளவீடு. மூக்கு கீழே இருந்தது என்பதும் அளவீடு. விவேகமற்றது என்பது தீர்ப்பு. இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே தொனியில் எழுதப்பட்டிருக்கின்றன.

3

நம்மூரில் ஒரு முச்சந்தியில் பைக்கும் ஆட்டோவும் மோதிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் கூடியதும் முதலில் வரும் கேள்வி, “யாரு மேல தப்பு?” என்பதுதான். சாலையின் வளைவு எப்படி இருந்தது, தெருவிளக்கு எரிந்ததா, பிரேக் பிடித்ததா என்பதெல்லாம் அப்புறம். பெரும்பாலும் அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. தப்பு யார்மேல் என்று முடிவானதும் கூட்டம் கலைந்துவிடும்.

தமிழில் இதற்கு இரண்டு தனித்தனிக் கேள்விச்சொற்கள் இருக்கின்றன. எதனால், யாரால். முதலாவது நிகழ்வை நோக்கிப் போகிறது. இரண்டாவது ஆளை நோக்கிப் போகிறது. ஆனால் ‘காரணம்’ என்ற சொல் இரண்டுக்கும் நடுவில் நின்று நம்மை ஏமாற்றுகிறது. “மழைக்குக் காரணம் காற்றழுத்தம்” என்கிறோம். “இதுக்கெல்லாம் நீதான் காரணம்” என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் அது விளக்கம். இரண்டாவதில் அது விரல் நீட்டல். பேச்சுவழக்கில் யாரையாவது காரணம் என்று சொன்னால், அது பாதி பழிதான்.

இது தமிழின் சிக்கல் மட்டும் இல்லை. அறிக்கை வெளிவந்த அதே 1959-இல் எச். எல். ஏ. ஹார்ட், டோனி ஹானரே என்ற இரு சட்டத் தத்துவவாதிகள் ‘காஸேஷன் இன் தி லா’ என்ற நூலை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் கவனித்த முக்கியமான ஒன்று: ஒரு நிகழ்வுக்குப் பின்னால் எண்ணற்ற நிபந்தனைகள் இருந்தாலும், நாம் ‘காரணம்’ என்று பிரித்தெடுப்பது பெரும்பாலும் இரண்டு வகையைத்தான். வழக்கத்துக்கு மாறான ஏதோ ஒன்று, அல்லது ஒரு மனிதர் தானாக விரும்பிச் செய்த செயல். காரணச் சங்கிலியில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்போது ஒரு மனிதரின் விருப்பமான செயல் எதிர்ப்பட்டால், அங்கேயே நின்றுவிடுகிறோம். அதற்கு மேல் போகத் தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது.

கிளியர் லேக் சங்கிலியை எடுத்துப் பார்ப்போம். பஸ்ஸின் ஹீட்டர் கெட்டது. அதனால் விமானம். பீட்டர்சன் அன்று மாலையிலிருந்து பலமுறை வானிலை விசாரித்தார். போகும் வழியெல்லாம் பறக்கத் தகுந்த நிலைதான் என்றே சொல்லப்பட்டது. ஆனால் நள்ளிரவை ஒட்டி இரண்டு அவசர வானிலை எச்சரிக்கைகள் வெளியாகியிருந்தன. அந்த இரண்டைப் பற்றியும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. டுவையரின் நிறுவனம் கண்ணால் பார்த்து ஓட்டும் பயணங்களுக்கு மட்டுமே அனுமதி பெற்றிருந்தது. பீட்டர்சன் 711 மணி நேரம் பறந்தவர். கருவிகளை வைத்து ஓட்ட 52 மணி நேரப் பயிற்சியும் பெற்றிருந்தார். ஆனால் முந்தைய ஆண்டு நடந்த பறத்தல் தேர்வில் தேறவில்லை. அந்தப் பயிற்சியெல்லாம் வழக்கமான செயற்கை அடிவானக் கருவியில். அன்றைய விமானத்தில் இருந்ததோ ஸ்பெரி நிறுவனத்தின் வேறு வகைக் கருவி. மூக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை அது காட்டும் விதம், அவர் பழகியதற்கு நேர் எதிர்.

இதில் எதை எடுத்தாலும், அது மட்டும் வேறு மாதிரி இருந்திருந்தால் நால்வரும் ஃபார்கோ நகரில் இறங்கியிருக்கக்கூடும். ஹீட்டரைச் சரிசெய்யாதவரும் சங்கிலியில் இருக்கிறார். எச்சரிக்கையைச் சொல்லாதவரும் இருக்கிறார். கருவியை வடிவமைத்தவரும் இருக்கிறார். ஆனால் அறிக்கையின் முதல் வரியில் நிற்பவர், பதில் சொல்ல முடியாத ஒருவர்.

இதைச் சதி என்று நான் சொல்ல வரவில்லை. அறிக்கை நேர்மையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. வானிலைக் குறையை அது ஒளிக்கவில்லை, ‘பெரும் குறைகள்’ என்றே சொல்கிறது. என் கேள்வி வரிசையைப் பற்றியது. எது காரணம், எது துணைக் காரணம் என்று பிரிப்பதற்கான அளவுகோல் எந்த வயலிலும் கிடைப்பதில்லை. அதை நாம் கையோடு கொண்டுபோகிறோம்.

4

சரி, விமானி அந்த இருட்டில் என்ன உணர்ந்திருப்பார்? அவர் சொல்ல முடியாது. ஆனால் உடம்பு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை திரும்பும்போது திரவம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் மூளை ‘திரும்புகிறோம்’ என்று புரிந்துகொள்கிறது. ஆனால் ஒரே வேகத்தில் தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், சில வினாடிகளில் திரவமும் குழாயோடு சேர்ந்து சுழல ஆரம்பித்துவிடும். அப்போது மூளைக்குக் கிடைக்கும் செய்தி: நேராகப் போய்க்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் சாய்வைச் சரிசெய்தால், எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். உடனே கை தானாகவே பழைய சாய்வுக்கே விமானத்தைக் கொண்டுபோகும்.

பகலில் இது பிரச்சினையே இல்லை. கண் அடிவானத்தைப் பார்க்கும், காதின் பொய்யைத் திருத்திவிடும். இரவில், வீடுகள் குறைந்த விவசாய நிலத்தின் மேல், பனித்தூறலுக்கு நடுவே அடிவானம் என்று எதுவும் இல்லை. சாய்ந்த விமானம் உயரத்தை இழக்கிறது. விமானி உயரத்தைப் பிடிக்க மூக்கைத் தூக்குகிறார். சாய்ந்த நிலையில் மூக்கைத் தூக்கினால் வளைவு இன்னும் இறுகும், இறக்கம் இன்னும் வேகமாகும். சரியான செயல் என்று உடம்பு அடித்துச் சொல்வதைச் செய்யச் செய்ய, சாவு நெருங்கி வருகிறது. விமானிகள் இதைக் கல்லறைச் சுழல் என்கிறார்கள்.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழக்கமில்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவிட்டார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். 19 பேர் இந்தச் சுழலுக்குள் போனார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. பயன்படுத்திய விமானமும் ஒரு போனான்சாதான்.

பீட்டர்சன் அந்த 20 பேரைவிட நன்றாகப் பயிற்சி பெற்றவர். ஆனால் தலைகீழாகக் காட்டும் ஒரு கருவி எதிரே இருந்தால் என்ன ஆகும்? காது ஒன்றைச் சொல்கிறது, கருவி ஒன்றைச் சொல்கிறது, அந்தக் கருவியை மனம் பழைய பழக்கத்தில் நேர்மாறாக வாசிக்கிறது. இறங்கும்போது ஏறுவதாக அவர் நம்பியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

இப்போது டுவையரை மறுபடி நினைத்துப் பாருங்கள். கீழே நின்ற அவருக்கு வால் விளக்கு இறங்குவது தெரிந்தது. மேலே உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரியவில்லை. ஒரே விமானம், ஒரே நிமிடம். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை. விசாரணை அறிக்கைகளை வாசிக்கும் நாம் எல்லோரும் டுவையரின் இடத்தில் நிற்பவர்கள்தான். அதுவும் முடிவு தெரிந்த பிறகு நிற்பவர்கள்.

முடிவு தெரிந்த பிறகு, எல்லாமே முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும். உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் இதைச் சோதனைகளால் காட்டினார். ஒரு நிகழ்வின் முடிவைத் தெரிந்துகொண்டவர்கள், அந்த முடிவு வருவதற்கான வாய்ப்பு ஆரம்பத்திலேயே அதிகம் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். தங்களுக்கு முடிவு தெரிந்ததுதான் அந்த மதிப்பீட்டை மாற்றியது என்பதை அவர்கள் உணர்வதும் இல்லை.

ஆகவே, இறந்தவரை நியாயமாக விசாரிப்பதற்கான முதல் நிபந்தனை என்று நான் நினைப்பது இது: அவருடைய இருட்டை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நமக்கு இப்போது தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்து, அவருக்குத் தெரிந்தது மட்டும் மிஞ்சும் வரை போக வேண்டும். இது இரக்கத்துக்காகச் செய்வது இல்லை. அந்த இருட்டு இல்லாமல் எழுதப்படும் விவரணை உண்மையிலேயே தவறான விவரணை.

5

நாற்பது ஆண்டுகள் கழித்து நடந்த இன்னொரு இரவு. 1999 ஜூலை 16. ஜான் எஃப். கென்னடி ஜூனியர், வயது 38, தன்னுடைய பைப்பர் சரடோகா விமானத்தில் நியூஜெர்சியிலிருந்து இரவு 8:38-க்குக் கிளம்பினார். உடன் மனைவி கரோலின், கரோலினின் சகோதரி லாரன். கரையை ஒட்டியே வந்து, பிறகு திறந்த கடலுக்கு மேலே திரும்பி, மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிப் போனார்கள். 9:41-க்கு விமானம் கடலில் விழுந்தது. ரேடாரில் கடைசியாகப் பதிவான இறக்கம் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேல்.

சுற்றிலும் மூட்டம். ஆனால் கண்ணால் பார்த்து ஓட்டுவதற்கான சட்ட வரம்புக்குள்தான் வானிலை இருந்தது. அதாவது அவர் எந்த விதியையும் மீறவில்லை. அன்றிரவு அதே பகுதியில் பறந்த இன்னொரு விமானி விசாரணையில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. தீவு இருக்க வேண்டிய இடத்தில் விளக்கே தெரியவில்லை, அடிவானமும் இல்லை, தீவில் கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்ததாக அவர் சொன்னார். கரண்ட் எங்கேயும் போகவில்லை. மூட்டத்தில் தீவு அப்படியே மறைந்திருந்தது.

இந்த முறை விசாரித்தது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். 2000 ஜூலையில் வந்த அறிக்கையின் முடிவு: இரவில் நீர்ப்பரப்பின் மேல் இறங்கும்போது விமானியால் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாமல் போனது, அது திசையுணர்வு இழப்பின் விளைவு. மூட்டமும் இருண்ட இரவும் துணைக் காரணங்கள்.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1959-இல் காரணம், தரையில் எடுத்த ஒரு முடிவு. ‘விவேகமற்றது’ என்ற அடைமொழியோடு. 2000-இல் காரணம், வானத்தில் ஒரு உடம்புக்கு நேர்ந்தது. அடைமொழி இல்லை. விபத்துகள் ஏறக்குறைய ஒன்றுதான்: இரவு, சிறிய விமானம், மறைந்த அடிவானம், சுழல். ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. பீட்டர்சனின் விமானம் கருவிகளால் ஓட்ட வேண்டிய வானிலைக்குள் போனது, கென்னடியின் விமானம் சட்டப்படி அப்படிப் போகவில்லை. இருந்தாலும், மொழி மாறியிருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. இடைப்பட்ட காலத்தில் விசாரணையாளர்கள் ‘யாரால்’ என்பதிலிருந்து ‘எதனால்’ என்பதை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு இன்று இதை வெளிப்படையாகவே சொல்கிறது: விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ பங்குபோடுவது அல்ல.

வெளியே உலகம் இப்படி நகரவில்லை. கென்னடி இறந்ததும் பத்திரிகைகள் ‘கென்னடி குடும்பத்தின் சாபம்’ என்று எழுதின. கிளியர் லேக்கிலும் இதே கதைதான். இரண்டு மாதம் கழித்து அந்த வயலில் ஹாலியின் கைத்துப்பாக்கி கிடைத்தது. விமானத்துக்குள் சுட்டிருப்பார்களோ என்ற வதந்தி பல பத்தாண்டுகள் உலவியது. கடைசியில் 2007-இல் ரிச்சர்ட்சனின் மகன் கேட்டுக்கொண்டதால் தந்தையின் உடலைத் தோண்டியெடுத்து ஆராய்ந்தார்கள். துப்பாக்கிக் காயம் எதுவும் இல்லை, மோதியதுமே இறந்திருக்கிறார் என்று தெரிந்தது. இவ்வளவு பெரிய சாவுக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்ற ஆற்றாமைதான் சாபத்தையும் சதியையும் உண்டாக்குகிறது. காதுக்குள் இருக்கும் ஒரு துளி திரவம் ஒரு நட்சத்திரத்தைக் கொன்றது என்பதை மனம் ஏற்க மறுக்கிறது.

6

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழ வேண்டும். எழாவிட்டால் நாம் சரியாக யோசிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

“எல்லாம் சரி. விமானியின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே மன்னிக்கத்தக்கதாகத்தான் தெரியும். அப்படியானால் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்? பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் செத்துப்போனானே, அவனுக்கு யார் பதில் சொல்றது?”

இது நியாயமான கோபம். பயணிக்கு அடிவானக் கருவி பற்றி ஒன்றும் தெரியாது. அவர் ஒருவரை நம்பி ஏறினார். அந்த நம்பிக்கையைப் பெற்றவருக்கு ஒரு கடமை உண்டு. ‘பழி சொல்லாதே’ என்பது அந்தக் கடமையையே இல்லாமல் ஆக்கிவிட்டால், அது நாகரிகமான அலட்சியமாகிவிடும். சொகுசான இடத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளவும் “அமைப்பின் கோளாறு” என்ற சொல் நன்றாகவே பயன்படுகிறது என்பதை நாம் பார்த்துத்தான் இருக்கிறோம்.

என்னுடைய பதில், ஒரு கோடு போட வேண்டும் என்பது. தரையும் வானமும் அறரீதியில் வேறு வேறு இடங்கள். இருட்டுக்குள் நுழைந்த பிறகு, அந்த 178 வினாடிக்குள், பீட்டர்சனையோ கென்னடியையோ குறை சொல்ல எதுவும் இல்லை. தன் காது தன்னிடம் பொய் சொல்கிறது என்பதை, பயிற்சி இல்லாத ஒருவரால் வெறும் மன உறுதியால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தரையில் நிலைமை வேறு. அங்கே விளக்கு இருக்கிறது, போன் இருக்கிறது, நேரம் இருக்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் இருக்கிறது. கென்னடியிடம் அன்று ஒரு பயிற்றுநர் தானும் கூட வருவதாகச் சொன்னதும், அவர் தனியாகவே ஓட்ட விரும்பியதும் அறிக்கையில் பதிவாகியிருக்கின்றன. அது தரையில் நடந்தது. அதைப் பற்றிப் பொறுப்பு என்ற சொல்லைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

ஆனால் தரையில் விமானி மட்டும் தனியாக நிற்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேசன் சிட்டியின் தரையில் வானிலை நிலையம் இருந்தது. எச்சரிக்கைத் தாள் இருந்தது. கிளம்பும் நேரத்தில் பனி தூற ஆரம்பித்ததையும் மேகம் தாழ்ந்ததையும் பார்த்த உரிமையாளர் இருந்தார். அதிகாரத்திலும் அனுபவத்திலும் பெரியவர்கள் சுற்றி இருக்கும்போது, மூன்று பிரபலங்கள் பணம் கட்டிக் காத்திருக்கும்போது, 21 வயசு இளைஞன் “நான் போகலை” என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்? வேலைக்குப் போன முதல் சில வருஷங்களில் இருக்கும் யாரும் இதை யோசித்தால் புரிந்துகொள்வார்கள். அவர் பொறுப்பாளி இல்லை என்று இது சொல்லவில்லை. அவர் தனிப் பொறுப்பாளி இல்லை என்று சொல்கிறது. அறிக்கையின் ‘விவேகமற்ற முடிவு’ என்ற தொடரில் எனக்கு இருக்கும் தகராறு ‘விவேகமற்ற’ என்பதோடு இல்லை. ‘முடிவு’ என்பது ஒருமையில் இருப்பதோடுதான்.

இந்தக் கோட்டுக்கு வெளியேயும் சிலர் நிற்கிறார்கள். அவர்களை எந்த அறிக்கையும் கண்டுகொள்ளாது. ரிச்சி வாலன்ஸ் அந்த இருக்கையை டாமி ஆல்ஸப் என்ற கிதார் கலைஞரோடு காசு சுண்டிப்போட்டு ஜெயித்தார். ரிச்சர்ட்சனுக்குக் காய்ச்சல், அதனால் வேலன் ஜென்னிங்ஸ் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். ஹாலி ஜென்னிங்ஸைக் கேலி செய்ய, அவரும் பதிலுக்கு, உங்க விமானம் விழட்டும் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகராக ஆன பிறகும் அந்தச் சொல் தன்னை விடவில்லை என்று அவர் பேசியிருக்கிறார்.

ஜென்னிங்ஸ் மேல் ஒரு துளிகூடத் தப்பில்லை. எந்த விசாரணையும் அவரைத் தொடாது. இருந்தும் அந்த வலி மடத்தனமானது என்று நம்மால் சொல்ல முடியாது. தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், எந்தத் தவறும் செய்யாமல் ஒரு குழந்தையை லாரியால் இடித்துவிட்ட ஓட்டுநரைப் பற்றிப் பேசுகிறார். “உன் மேல தப்பில்லப்பா” என்று நாம் அவரைத் தேற்றுவோம். தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் உடனே “ஆமாம், என் மேல தப்பில்ல” என்று தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டால், நமக்கு என்னவோ போல் இருக்கும். நடந்ததில் தன் கை இருந்தது என்பதால் வரும் வருத்தம், குற்றவுணர்விலிருந்து வேறானது. பழியை நீக்குவதால் அந்த வருத்தம் நீங்காது. நீங்கவும் தேவையில்லை. ‘எதனால்’ என்பதற்கு விசாரணை பதில் சொன்ன பிறகும், ‘யாரால்’ என்பதற்கு நீதிமன்றம் பதில் சொன்ன பிறகும், துக்கத்துக்கு மிச்சம் இருக்கும் இடம் அது.

7

துக்க வீட்டில் நம் பெரியவர்கள் கடைசியாகச் சொல்லும் சொல் ஒன்று உண்டு. “விதி முடிஞ்சிருச்சு.” நம் தலைமுறைக்கு இந்தச் சொல்மேல் ஒரு எரிச்சல் உண்டு, எனக்கும் உண்டு. கேள்வி கேட்பதை நிறுத்தச் சொல்கிறது என்பதுதான் காரணம். ஆனால் அதே சொல்லுக்கு வேறொரு பொருளும் இருக்கிறது. சாலை விதி, தேர்தல் விதி என்று சொல்கிறோமே, அந்த விதி. மாற்ற முடியாததற்கும், மனிதர்கள் கூடி எழுதி மாற்றக்கூடியதற்கும் ஒரே பெயர்.

நல்ல விபத்து விசாரணை செய்வதை இப்படிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது: முதல் பொருளில் விதி என்று விட்டுவிட இருந்ததை எடுத்து, இரண்டாவது பொருளில் விதியாக எழுதிவைக்கிறது. அமெரிக்காவில் இன்று தனியார் விமானி உரிமம் பெற வேண்டுமானால் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி குறைந்தது 3 மணி நேரம் பெற்றிருக்க வேண்டும். இரவில் பறக்கும் பயிற்சியும் 3 மணி நேரம். பணம் வாங்கிக்கொண்டு ஓட்டும் உரிமம் இருந்தாலும், கருவிகளால் ஓட்டும் தகுதி இல்லாதவர் கூலிக்குப் பயணிகளை இரவில் ஏற்றிப்போகக் கூடாது. பகலிலும் 50 கடல்மைலுக்கு மேல் போகும் தூரப் பயணம் கூடாது.

கடைசி விதியை இன்னொரு முறை வாசித்தால், பீட்டர்சனின் அந்தப் பயணம் முழுதாக அதற்குள் இருப்பது தெரியும். இரவு, கூலிக்கு, தகுதிச் சான்று இல்லாமல், மேசன் சிட்டியிலிருந்து ஃபார்கோ வரை. இந்த விதி அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய பெயரே அதில் இல்லை. அன்று ஒரு 21 வயது இளைஞன் தனியாகச் சொல்லியிருக்க வேண்டிய ‘வேண்டாம்’ என்ற சொல்லை, அவன் சார்பாக விதி முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது.

2015-இல் ஒரு முன்னாள் விமானி கிளியர் லேக் விசாரணையை மறுபடியும் திறக்க வேண்டும் என்று பாதுகாப்பு வாரியத்திடம் மனு கொடுத்தார். வாரியம் பரிசீலித்துவிட்டு மறுத்துவிட்டது. 1959-இன் முடிவு இன்றும் காகிதத்தில் அப்படியே நிற்கிறது. பரவாயில்லை என்றுதான் நினைக்கிறேன். காகிதத்தில் இருக்கும் அந்த ஒருமையைவிட, விதிப் புத்தகத்தில் இருக்கும் இந்தப் பொதுமை பீட்டர்சனுக்குச் செய்யப்பட்ட மேலான நியாயம்.

இன்றிரவு அந்த நாட்டின் ஏதோ ஒரு சின்ன விமான நிலையத்தில், அவசரத்தில் இருக்கும் பயணிகளிடம் ஒரு இளம் விமானி சொல்லக்கூடும்: “இல்லைங்க, ராத்திரியில உங்களைக் கூட்டிட்டுப் போக என் லைசென்ஸ்ல இடம் இல்ல. காலையில பார்க்கலாம்.” பயணிகளுக்குக் கோபம் வரும். அவருக்கு அந்த நாள் வருமானம் போகும். அவர் பீட்டர்சன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.